காலால் படிக்கும் எழுத்து

தில்லியில் எங்கள் பள்ளிக்கும் மெட்ரோ நிலையத்திற்கும் இடையே அகன்ற சாலை ஒன்று உள்ளது. அதன் நடைபாதையில் மஞ்சள் நிற ஓடுகள் வரிசையாகப் பதிக்கப்பட்டுள்ளன. நீங்களும் இத்தகைய ஓடுகளைப் பார்த்திருப்பீர்கள். அவை அழகுக்காகப் பதிக்கப்பட்டவை என்றே மாணவர் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அவை எழுத்துகள். நீண்ட கோடுகள் புடைத்திருக்கும் ஓடு, ‘இவ்வழியே செல்க’ என்கிறது. வட்டப் புள்ளிகள் புடைத்திருக்கும் ஓடு, ‘நிற்க, முன்னே சாலையோ படியோ உள்ளது’ என்கிறது. பார்வையற்றோர் இவ்வெழுத்துகளைக் காலடியாலும் வெண்கோலின் நுனியாலும் படிக்கின்றனர். ஜப்பானியரான செய்ச்சி மியாக்கே, பார்வை குன்றிவந்த தம் நண்பருக்கு உதவும்பொருட்டு 1965இல் இவற்றை உருவாக்கினார். 1967இல் ஒகயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளி ஒன்றின் அருகே இவை முதன்முதலில் பதிக்கப்பட்டன. மொத்தம் இரண்டே எழுத்துகள்! தமிழின் 247 எழுத்துகளைக் கற்கும் உங்களுக்கு இது மிக எளிது.

எங்கள் பள்ளியின் இசையாசிரியர் பார்வையற்றவர். நாள்தோறும் மெட்ரோவில் வந்திறங்கித் தனியாகவே நடந்து வருவார். சிக்னலை அடைந்ததும் புள்ளி ஓடுகள் அவரை நிறுத்தும். அருகிலுள்ள கம்பத்தின் பொத்தானை அழுத்துவார். பச்சை விளக்கு எரியும்போது ஒலிபெருக்கி விரைவாக ஒலிக்கும். சிவப்பு எரியும்போது மெதுவாக ஒலிக்கும். விரைந்த ஒலி கேட்டதும் சாய்தளத்தில் இறங்கிச் சாலையைக் கடப்பார்.

ஒரு கோடையில், கம்பிவடம் புதைப்பதற்காக நடைபாதையைத் தோண்டினார்கள். வேலை முடிந்ததும் ஓடுகளைத் திரும்பப் பதித்தார்கள். ஓடுகள் எண்ணிக்கையில் குறையவில்லை. ஆனால் கோட்டு ஓடுகள் சில குறுக்காகத் திரும்பியிருந்தன. நிற்கச் சொல்லும் புள்ளி ஓடு நடுவழியில் கிடந்தது. ஒரு வரிசை நேராக மின்கம்பத்தில் போய் முட்டியது. நாற்பது விடைத்தாள்களில் சந்திப்பிழை தேடிப் பழகிய என் கண்ணுக்கு அது பிழை மலிந்த பத்தியாகவே தோன்றியது. கொத்தனாரைக் குறைகூற மனம் வரவில்லை. அவ்வெழுத்தை அவருக்கு யார் கற்பித்தார்கள்? அடுத்து வந்த மழைக்காலத்தில் ஒலிபெருக்கியும் ஊமையானது.

“ஓடுகளே இல்லாத சாலையில் யாரையாவது கேட்டுக்கொண்டு நடப்பேன், மேடம்ஜி. ஓடுகள் இருந்தால் நம்பிவிடுகிறேன். அதுதான் ஆபத்து” என்று இசையாசிரியர் ஒருநாள் இந்தியில் கூறினார். அன்று அவர் நெற்றியில் சிறிய காயம் இருந்தது.

சிக்னலின் நேரக் கணக்கையும் இங்கே சொல்ல வேண்டும். மனிதர் வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பர் என்பது பொறியாளர்கள் பொதுவாகக் கொள்ளும் அளவு. அவ்வாறு நடந்தால் 24 மீட்டர் சாலையை 20 வினாடியில் கடக்கலாம். ஊன்றுகோலுடன் வினாடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் மூதாட்டிக்கோ 30 வினாடி வேண்டும். வாகன நெரிசலைக் காரணம் காட்டிப் பச்சை நேரத்தில் சில வினாடிகளைக் குறைத்தால், அவர் நடுச்சாலையில் நிற்க நேரிடும்.

மாற்றுத்திறனாளிகள் தடையின்றிச் செல்லத்தக்க சாலைகள் வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் கூறுகிறது. புதிதாக அமைப்பதில் ஊக்கம் காட்டுவோர் பலர். அமைத்ததைப் பேணுவதற்குத்தான் ஆள் இல்லை. நாங்கள் விசாரித்தபோது, சாலை ஒரு துறையின் பொறுப்பு, விளக்கு வேறொரு துறையின் பொறுப்பு, தோண்டியவர்களோ மூன்றாமவர் என்று தெரிந்தது. ஒவ்வோர் அலுவலகமும் அடுத்த அலுவலகத்திற்கு வழிகாட்டியது. அந்த வழிகாட்டலில் மட்டும் பிழையே இல்லை.

ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் ஒரு குறிப்பேடு தொடங்கினார்கள். மாதத்தின் முதல் சனிக்கிழமை இசையாசிரியருடன் சிக்னல்வரை நடந்து சென்று, ஓடு, சாய்தளம், பொத்தான், ஒலி, பச்சை நேரம், வெள்ளைக் கோடு ஆகியவற்றின் நிலையைக் குறித்தார்கள். ஓடுகளை வரைந்து காட்டி, இருக்கவேண்டிய திசையை அம்புக்குறியிட்டு, மூன்று அலுவலகங்களுக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினார்கள். ஏழு மாதங்களுக்குப் பின் இரண்டு பணியாளர்கள் அந்தப் படத்தின் நகலுடன் வந்து, மின்கம்பத்தருகே இருந்த வரிசையைப் பெயர்த்துத் திருத்தினார்கள். முதலில் நடந்து பார்த்தவர் இசையாசிரியர். ஓரிடத்தில் நின்று, “இந்த ஓடு ஆடுகிறது” என்றார். அதையும் உடனே இறுக்கினார்கள்.

இம்மாதக் குறிப்பு இது: ஓடு சரி. பொத்தான் சரி. பச்சை நேரம் 26 வினாடி. வெள்ளைக் கோடு பாதி தேய்ந்துள்ளது. சாய்தளத்தில் மோட்டார் சைக்கிள் ஒன்று நிற்கிறது. ஒலி இல்லை, கடிதம் மீண்டும் அனுப்பப்பட்டது.