பீளமேட்டில் ஒரு சுவர்

கோயமுத்தூர் ரயிலடியில் இறங்கி, அவிநாசி ரோட்டில் கிழக்கே வாருங்கள். தலைக்கு மேல் ஒரு பாலம் 10 கிலோமீட்டருக்குக் கூடவே வருகிறது. 2025 அக்டோபரில் திறந்த அந்தப் பாலத்துக்கு ஜி. டி. நாயுடு பெயரை வைத்திருக்கிறார்கள். பொருத்தந்தான்! அஸ்திவாரத்திலிருந்து 11 மணி நேரத்தில் ஒரு வீட்டையே எழுப்பிவிடலாம் என்று 1967-இல் சொன்ன மனிதர் அல்லவா? பாலத்தின் நிழலிலேயே வந்தால், 1951-இல் தொடங்கிய பி. எஸ். ஜி. தொழில்நுட்பக் கல்லூரி தெரியும். பீளமேடு வந்துவிட்டது.

பழைய பீளமேட்டின் சந்து ஒன்றில் ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. மில்லில் உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், சேர்த்து வைத்த பணத்தை எல்லாம் அதில்தான் போட்டிருக்கிறார். குடையைப் பிடித்துக்கொண்டு செங்கல்லை எண்ணிக்கொண்டிருந்தார்.

"தடாகத்துச் சூளை மூடினதிலிருந்து கல்லு விலை கையைக் கடிக்குதுங்க" என்றார்.

தடாகத்தை நான் முதல் நாள்தான் பார்த்துவிட்டு வந்திருந்தேன். ஊருக்கு வடமேற்கே, மலையடிவாரத்தில் இருக்கும் அழகான பள்ளத்தாக்கு அது. கோவையின் எத்தனையோ வீடுகள் அந்தச் செம்மண்ணில் பிறந்தவை. அனுமதியின்றி மண் எடுத்தார்கள் என்று வழக்கு நடந்து, 2021-இல் நூற்றுக்கு மேற்பட்ட சூளைகளை மூடினார்கள். சூளைகள் ஓய்ந்துவிட்டன, யானை நடமாடும் பூமியில் தோண்டிய பள்ளங்கள் அப்படியேதான் இருக்கின்றன. நம் வீட்டுச் சுவரின் உயரத்துக்கு எங்கோ ஒரு பள்ளம் உண்டு என்பது அங்கே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. சூளையில் வேலை போனவர்கள் பாடும் சுகமில்லைதான்.

பெரியவரிடம் லாரி பேக்கரைப் பற்றிச் சொன்னேன். 1917-இல் இங்கிலாந்தில் பிறந்து, திருவனந்தபுரத்தையே சொந்த ஊராக்கிக்கொண்டு, 2007-இல் அங்கேயே மறைந்த கட்டிடக் கலைஞர். அவர் பரப்பிய 'எலிப்பொறிக் கட்டு' மிக எளிது. கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்ட வேண்டும். கால்வாசிக் கல் மிச்சம்! உள்ளே நிற்கும் காற்று வெயிலையும் தடுத்துவிடும்.

கொத்தனார் கரண்டியை வைத்துவிட்டு வந்தார். "நடுவால பொந்து விட்டா, சுவரு நிக்குமுங்களா?"

"கேரளத்தில் ஐம்பது வருஷமாக நிற்கிறதே!"

அடுத்து ஆரோவில் சங்கதி. அங்கே 1989 முதல் மண் கட்டிட ஆராய்ச்சி நடந்து வருகிறது. சலித்த மண்ணில் நூற்றுக்கு ஐந்து பங்கு சிமெண்டு கலந்து, இயந்திரத்தில் அழுத்திக் கல்லாக்குகிறார்கள். நெருப்பே கிடையாது, சுமார் நான்கு வாரம் ஈரம் காயாமல் பதப்படுத்தினால் போதும். மண்ணை மனையிலேயே தோண்டி எடுத்தால், அந்தக் குழி மழைநீர்த் தொட்டியாகிவிடும். பள்ளமும் நம்முடையது, பயனும் நம்முடையது! ஆனால் எல்லா மண்ணும் இதற்கு உதவாது. கரிசல் மண் ஈரத்தில் உப்பி, காய்ந்தால் வெடிக்கும். நம் கொங்கு நாட்டில் செவ்வலும் உண்டு, கரிசலும் உண்டு. ஆகையால் முதலில் மண்ணைச் சோதிக்க வேண்டும்.

"மழைக்குக் கரைஞ்சு போயிருச்சுன்னா?" என்றார் பெரியவர். ஆயுள் சேமிப்பு அல்லவா, கேட்காமல் இருப்பாரா? அடித்தளத்தைச் சற்று உயர்த்தி, கூரையை வெளியே நீட்டிவிட்டால் சாரல் சுவரை அண்டாது என்றேன். நம் தாத்தாக்கள் திண்ணைக்கு மேல் தாழ்வாரம் இறக்கியது வேறு எதற்காம்?

அந்தச் சமயம் பார்த்து, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று குடையைப் பறித்துக்கொண்டு போயிற்று. இப்படிப்பட்ட காற்று இலவசமாக வரும் ஊரில், மேற்குச் சுவரில் ஒரு ஜன்னல்கூட வரைபடத்தில் இல்லை! மாலை வெயிலுக்குப் பயந்து அடைத்துவிட்டார்களாம். வெயிலைத் தடுத்துக் காற்றை மட்டும் விடுகிற சல்லடைச் சுவரை பேக்கர் செங்கல்லிலேயே கட்டிக் காட்டியிருக்கிறார். கல்லுக்குக் கல் இடைவெளி விட்டு அடுக்குவதுதான், வேறு மாயமில்லை.

குடையை மீட்டுக்கொண்டு வந்த கொத்தனார், கால் கட்டைவிரலால் மணலில் ஏதோ கோடு இழுத்தார். பிறகு பெரியவரைப் பார்த்தார்.

"ஏனுங்கய்யா, முதல்ல காம்பவுண்டுச் சுவரை மட்டும் அந்த மாதிரி கட்டிப் பாத்துக்கலாமுங்களா?"

பெரியவர் செங்கல் குவியலைப் பார்த்தார். "எண்ணினதுல கால்வாசியைத் தனியா எடுத்து வைய்யப்பா" என்றார்.