முழங்கால் எக்ஸ்-ரேயோடு வருகிறவர்கள்

"முழங்கால்தான் டாக்டர் வலிக்குது" என்று முப்பது, நாற்பது வயதுக்காரர்கள் எக்ஸ்-ரேயை நீட்டுவார்கள். படத்தில் குறை ஒன்றும் இருக்காது. "சம்மணம் போட்டு உட்கார முடியுதா?" என்று கேட்டால், "பந்தியில உட்கார்றதையே விட்டாச்சு சார்" என்பார்கள். மல்லாக்கப் படுக்கவைத்து, காலை மடக்கி, தொடையை உள்பக்கமாகத் திருப்பினால் கொஞ்சத்திலேயே முகம் சுளிக்கும். கை கவட்டைக்குப் போகும். நோய் இடுப்பு மூட்டில். இரண்டு மூட்டுக்கும் ஒரே நரம்புகள் கிளைவிடுவதால்தான் வலி இடம் மாறித் தெரிகிறது.

தொடை எலும்பின் தலைக்கு இரத்தம் பெரும்பாலும் அதன் கழுத்தை ஒட்டி ஏறும் மெல்லிய குழாய்கள் வழியாகத்தான் போகிறது. கழுத்து முறிந்தால் அவை அறுபடலாம். முறிவே இல்லாமலும் ஸ்டீராய்டு, மது, அரிவாள் செல் நோய் ஆகியவற்றால் இரத்த ஓட்டம் தடைபட்டு எலும்பு சாகலாம். கொரோனாவுக்கு ஸ்டீராய்டு எடுத்தவர்களிலும் இதைப் பார்த்தோம். ஸ்டீராய்டு சாப்பிட்டீர்களா என்று கேட்டால் பலர் இல்லை என்றே சொல்வார்கள். அதனால் வீட்டிலிருக்கும் மாத்திரை அட்டைகளையெல்லாம் எடுத்துவரச் சொல்வேன். ஆஸ்துமாவுக்கோ அரிப்புக்கோ சீட்டில்லாமல் வாங்கியது அதில் அகப்படும்.

செத்த எலும்பு உடனே நொறுங்குவதில்லை. உடம்பு அதைக் கரைத்துப் புது எலும்பு வைக்கப் பார்க்கும். கரைப்பது வேகம், கட்டுவது மெது. அந்த இடைவெளியில்தான் குருத்தெலும்புக்குக் கீழே விரிசல் விழுகிறது, எக்ஸ்-ரேயில் பிறைபோல. அதற்கு முந்தைய ஆரம்பக் கட்டத்தை எம்.ஆர்.ஐ.தான் தெளிவாகக் காட்டும்.

தலை அமுங்காதவரை துளையிட்டுப் பார்க்கலாம். தொடையின் பக்கவாட்டிலிருந்து, சி-ஆர்ம் எக்ஸ்-ரே திரையைப் பார்த்தபடி, கழுத்து வழியே செத்த பகுதிக்குள் ட்ரில்லைச் செலுத்துகிறோம். உள்ளழுத்தம் குறையும், புது இரத்தக் குழாய்களுக்கு வழி கிடைக்கும். செத்த பகுதியின் விளிம்பில் எலும்பு இறுகியிருந்தால் கைக்கே அது தெரியும். சேதம் சிறியதாக இருந்தால் பலன் நன்றாகவே இருக்கும். பாரம் தாங்கும் மேல்பகுதி பெரிதாகச் செத்திருந்தால் நான் அதிக நம்பிக்கை கொடுப்பதில்லை. எலும்பு கரைவதைக் குறைக்கும் மாத்திரைகளையும் சிலர் தருகிறார்கள். அதில் ஒருமித்த கருத்து இல்லை.

அமுங்கிய பிறகு துளையிடுவது பெரும்பாலும் வீண்செலவு. மூட்டு மாற்றுதான் வழி. அதையும் படம் அசிங்கமாக இருக்கிறது என்பதற்காகச் செய்யமாட்டேன்; வலி தூக்கத்தையும் வேலையையும் கெடுக்கும்போதுதான்.

"வலிக்காத இடுப்புக்கு எதுக்கு டாக்டர் ஸ்கேன்?" என்பார்கள். முறிவில்லாமல் வரும் இந்த நோய் பலருக்கு இரண்டு பக்கமும் இருக்கும். வலிக்கிற பக்கம் அமுங்கிப்போயிருந்தாலும் மறுபக்கத்துக்கு இன்னும் அவகாசம் இருக்கலாம். அதனால் இரண்டு இடுப்பும் படத்தில் வரவேண்டும் என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்துவிடுவேன்.