பெயரைப் பறித்த கோபுரம்

"பேயும் இல்லை, பில்லி சூனியமும் இல்லை என்று மேடையில் முழங்குகிறீர்; வீட்டிலோ விடிய விடிய மந்திரவாதிக் கதை படிக்கிறீரே!"

சென்ற வாரம் நம் அறைக்கு வந்த தோழர் ஒருவர், மேசைமீது கிடந்த இரண்டு ஆங்கில நாவல்களைப் புரட்டிவிட்டு இப்படிக் கேட்டார். கேலிதான், ஆனால் பதில் கூறவேண்டிய கேலி.

முதல் நூல், பென் ஆரோனோவிச் எழுதி 2011இல் வெளிவந்த 'ரிவர்ஸ் ஆஃப் லண்டன்'. இக்கால இலண்டன் மாநகரக் காவலன் பீட்டர் கிராண்ட் மந்திரம் பயிலும் கதை. அதில் தேம்ஸ் ஆற்றின் அன்னையாக வீற்றிருப்பவள் நைஜீரியாவிலிருந்து வந்த கருநிற மாது! அந்தக் குறும்பு பிடித்தது. அதைவிடப் பிடித்தது, மந்திரம் செய்தால் கைப்பேசி பழுதாகிறதே, ஏன் என்று அவ்விளைஞன் சோதித்துப் பார்ப்பது. கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை, காரணம் தேடுகிறான். கதைக்குள் மந்திரத்துக்கு முறை வகுத்தவர் ஐசக் நியூட்டன். மெய்யான நியூட்டனும் இரசவாதத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி வைத்தவர்தாம். ஆயினும் இது பொழுதுபோக்கு நூல். படித்தோம், சிரித்தோம், மூடி வைத்தோம்.

மற்றதை மூட முடியவில்லை. ஆர். எஃப். குவாங் எழுதி 2022இல் வெளிவந்த 'பேபல்'. களம், 1830களின் ஆக்ஸ்ஃபோர்டு. ஒரு சொல்லை வேறு மொழிக்குப் பெயர்க்கும்போது ஏதோ ஒன்று சிந்திப்போகிறதல்லவா? அவ்விரு சொற்களையும் வெள்ளிக் கட்டியில் பொறித்து, இரு மொழியும் அறிந்தவர் உச்சரித்தால், சிந்திய பொருளே ஆற்றலாகி வண்டியை விரைவுபடுத்தும், ஆலையை இயக்கும். இதற்கென ஒரு கோபுரம். அதில் சீனச் சிறுவனும் கல்கத்தா இளைஞனும் தத்தம் தாய்மொழியைக் கடைந்து தருகிறார்கள். வெண்ணெயோ ஆங்கிலப் பேரரசுக்கு!

வெறும் கற்பனை என்று தள்ள இயலுமா? கிழக்கிந்தியக் கம்பெனி பீகாரத்து உழவனை அபின் பயிரிட வைத்ததும், அந்த அபின் சீனத்துள் கள்ளத்தனமாகப் புகுந்ததும், தடுத்த சீனத்தின்மீது 1839இல் போர் மூண்டதும், 1842இல் நான்கிங் உடன்படிக்கையால் ஹாங்காங் பறிபோனதும் வரலாறு. மந்திரத்தை நீக்கிப் பாருங்கள். கொள்ளை அப்படியே நிற்கிறது. தோழருக்கு நம் பதில் இதுவே. நம்பச் சொல்லும் மாயம் வேறு. காணச் சொல்லும் மாயம் வேறு.

குறையும் உண்டு. கதையை நிறுத்திவிட்டு ஆசிரியர் அடிக்கடி பாடம் நடத்துகிறார், அடிக்குறிப்பிலும் விடுவதில்லை. பாடம் நடத்திப் பிழைக்கும் நமக்கே கசந்தது என்றால் பாருங்களேன்!

ஆனால் தொடக்கத்தில் ஓரிடம். காண்டன் நகரத்துச் சிறுவனை அழைத்துச் செல்ல வந்த பேராசிரியர், உன் பெயர் ஆங்கிலேயர் நாவுக்கு ஒவ்வாது, வேறு தேர்ந்துகொள் என்கிறார். ராபின் ஸ்விஃப்ட் ஆகிறான். நூல் முடியும்வரை அவனது சீனப் பெயர் நமக்குச் சொல்லப்படுவதே இல்லை.

அவ்விடத்தில் புத்தகத்தைக் கீழே வைத்தோம்.

ஒடிசாவிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளி ஒருவரின் மகன் நம் வகுப்பில் படிக்கிறான். சேர்ந்த அன்று அவன் பெயரை இருமுறை சொல்லிப் பார்த்தோம், நாக்கு புரளவில்லை. "போகட்டும், நீ ராஜா" என்றோம். வகுப்பு சிரித்தது. அவனும் சிரித்தான் என்றே அன்று எண்ணினோம். ஐந்து மாதமாக அவன் ராஜா. இந்தித் திணிப்பை எதிர்த்து 1938இலும் 1965இலும் சிறை புகுந்தோரைப் பற்றி அதே வகுப்பில் குரல் தழுதழுக்கப் பேசியவரும் நாமே.

திங்களன்று வருகைப் பதிவின்போது அவனை அருகழைத்து, "உன் பெயரை எமக்குச் சொல்லிக் கொடு தம்பி" என்றோம். சொன்னான். தவறாகத் திருப்பிச் சொன்னோம். திருத்தினான். மூன்றாம் முறையும் "இல்லை ஐயா" என்று தலையசைத்தான். நான்காம் முறை ஒன்றும் கூறாமல் இருக்கைக்குத் திரும்பிவிட்டான். சரியாகச் சொல்லிவிட்டோமா, அவனுக்குத்தான் சலித்துவிட்டதா, விளங்கவில்லை. நாளை மீண்டும் கேட்க இருக்கிறோம்.