உள்ளேயும் செம்புதானா?

ஜவ்வாது மலையில் ஓர் அரசுப் பள்ளி. கேபிள் வேலைக்கு வந்த அண்ணன், புதுச் சுருளின் நுனியை உரித்து ஒரு கம்பியைப் பிளேடால் சுரண்டினார். சுரண்டிய இடத்தை வெயிலில் திருப்பிக் காட்டினார். "உள்ளேயும் செவப்பா இருக்கா, பாருங்க சார். வெள்ளையா தெரிஞ்சா அலுமினியத்து மேல செம்பு பூசின சரக்கு. அத நான் போட மாட்டேன்."

இந்த வகுப்பறையில் மாணவர் மேசைகளுக்குப் பிளக் பாயிண்ட் கிடையாது. உள்ளங்கை அளவுக் கணினிக்கும் சின்ன எல்இடி திரைக்கும் வேண்டிய மின்சாரம், தகவல் போகும் அதே நெட்வொர்க் கேபிளில் வந்துவிடுகிறது. இப்படி மின்சாரம் அனுப்ப 2003இல் வந்த தரநிலை, நெட்வொர்க் ஸ்விட்சின் ஒவ்வொரு போர்ட்டிலும் 15.4 வாட் வரை தந்தது. 2009இல் அது 30 வாட் ஆனபிறகுதான் திரையையும் சேர்த்து ஓட்ட வழி பிறந்தது.

பழைய குழாய்த் திரைக் கணினிகள் பத்து இருந்தால் 1,500 வாட் வரை இழுக்கும். இங்கே இருக்கைக்கு 20 வாட் என்று வைத்தாலும் பத்துக்கும் சேர்த்து 200 வாட்தான். கூரையில் சோலார் பேனல். அறை மூலையில் வரிசையாக இணைத்த நான்கு 12 வோல்ட் பேட்டரிகள். மொத்தம் 48 வோல்ட். கேபிளில் போவதும் ஏறக்குறைய அதே அளவு நேர்மின்சாரம்தான். இன்வெர்ட்டர் வைத்து 230 வோல்ட்டாக ஏற்றி, அடாப்டர் வைத்து மறுபடி இறக்கும் இரட்டை இழப்பு இதில் இல்லை. பேட்டரியின் வோல்டேஜ் ஏறி இறங்குவதைச் சீராக்க ஒரு சிறு பெட்டி போதும். மலையில் காற்றடித்துக் கரண்ட் போன நாளிலும் வகுப்பு நடக்கும்.

கணக்கு இவ்வளவு நெருக்கமாக இருப்பதால்தான் செம்பின் மேல் அண்ணனுக்கு அத்தனை கண். ஸ்விட்ச் 30 வாட் அனுப்பினால் 100 மீட்டர் தாண்டிக் கைக்கு வருவது 25.5 வாட், மிச்சம் கம்பியிலேயே சூடாகிவிடும் என்று தரநிலையே ஒதுக்கி வைத்திருக்கிறது. செம்பு பூசிய அலுமினியத்தில் மின்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. கடைசி மேசைத் திரை அணைந்து அணைந்து எரியும். கட்டாகக் கட்டிய கேபிள்கள் சுடும். பழி கணினியின் தலையில் விழும்.

உதவிக்கு வந்த உள்ளூர்த் தம்பி ஐடிஐ முடித்தவர். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு என்று முணுமுணுத்தபடி எட்டுக் கம்பிகளையும் நீவி நேராக்கினார். "முறுக்க அரை இன்ச்சுக்கு மேல பிரிக்காத தம்பி" என்றார் அண்ணன். கம்பி நுனிகள் ஜாக்கின் முனை வரை முட்டுகிறதா என்று பார்த்த பிறகே கிரிம்பிங் டூலை அழுத்தவிட்டார். டெஸ்டரில் ஒரு விளக்கு எரியவில்லை. ஜாக்கை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து.

"பசங்க கைபட்டா ஷாக் அடிக்குமா?" என்று தலைமையாசிரியை கேட்டார். "வீட்டு லைன் மாதிரி இல்லீங்க டீச்சர். அந்தப் பக்கம் இருக்கறது இதுக்குன்னே செஞ்ச கருவிதானான்னு ஸ்விட்ச் முதல்ல சின்ன வோல்டேஜ்ல சோதிச்சுப் பார்க்கும். ஆமான்னா மட்டும்தான் கரண்டு விடும்." மைதானத்துக்கு அப்பால் இருக்கும் கட்டடத்துக்குச் செம்புக் கேபிளை இழுக்க மட்டும் அவர் ஒப்பவில்லை. இடி விழுந்தால் அந்தக் கம்பி வழியே மின்னெழுச்சி வந்து எல்லாவற்றையும் எரித்துவிடும். அங்கே ஃபைபர்தான் என்று முடிவாகச் சொல்லிவிட்டார்.

பள்ளிக்குக் கணினி வாங்கும்போது பிராசஸரையும் நினைவகத்தையும் வரிவரியாக எழுதுகிறோம். கேபிளுக்கு ஒரு வரி, கூலிக்கு அதுவும் இல்லை. மீட்டர் கணக்கில் கூலி கொடுத்தால் ஜாக்கை வெட்டி மறுபடி கட்டும் பொறுமைக்கு யார் விலை தருவார்கள்? முழுச் செம்புக் கேபிள், இணைப்புக்கு இணைப்பு சோதனை, அதற்கேற்ற கூலி, உள்ளூர் இளைஞர் ஒருவருக்குப் பயிற்சி: இவை நான்கும் ஒப்பந்தப்புள்ளியிலேயே இடம்பெற வேண்டும். அண்ணன் மலையிறங்கிய பிறகு ஒரு மேசை அணைந்தால், அதைச் சரிசெய்யப் போவது அந்தத் தம்பிதான். அவருக்கு ஒரு கிரிம்பிங் டூலும் டெஸ்டரும் வாங்கிக் கொடுக்க ஆகும் செலவு, ஒரு கணினியின் விலைகூட வராது.