அடிவாரத்தில் ஒரு சேர்

தமிழில் பனி என்கிற ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சமாளித்துவிடுகிறோம். மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்பதும் பனிதான். இமயமலையில் ஆளையே முழுங்குவதும் பனிதான். அம்பத்தூரில் 21 டிகிரிக்கு இறங்கினாலே மங்கி கேப் வெளியே வந்துவிடும். ‘பனியில நிக்காதே, சளி பிடிக்கும்’ என்று சொல்லிச் சொல்லியே வளர்க்கப்பட்ட ஜனங்கள் நாம்.

அப்படிப்பட்டவர்கள் பதினோரு பேர், எங்கள் ஃப்ளாட்டின் நான்கு குடும்பங்கள், பனிச்சறுக்கு விளையாடப் போவது என்று முடிவு செய்தோம். போவது முடிவாகிவிட்டது. எங்கே என்பதுதான் பிரச்னை. 1955-ல் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு ‘சோஷலிச பாணி சமுதாயம்’ என்று தீர்மானம் போட்டதே, அதற்குக்கூட இவ்வளவு வாக்குவாதம் நடந்திருக்காது. மொட்டை மாடியில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்தோம்.

முதலில் வெளிநாட்டுக் கனவுகள். சுவிட்சர்லாந்து ஐந்து நிமிடத்தில் அடிபட்டுப் போனது. காரணம் உங்களுக்கே தெரியும். துபாயில் 2005 முதல் ஒரு மாலுக்குள்ளேயே சறுக்குமலை இருக்கிறது என்றார் ஒருவர். “மாலுக்குள்ள சறுக்கறதுக்கு எதுக்குங்க பாஸ்போர்ட்?” என்று இரண்டாவது மாடி மாமி கேட்டதோடு அதுவும் முடிந்தது.

மிஞ்சியது மூன்று. மணாலி பக்கத்து சோலாங், உத்தராகண்டின் ஔலி, காஷ்மீரின் குல்மர்க்.

மணாலிக்கு டெல்லியிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ரோடு, ராத்திரி முழுக்க பஸ். ஏற்காடு மலைப் பாதையிலேயே எலுமிச்சம்பழம் முகர்கிறவர்கள் எங்களில் மூன்று பேர். ஔலியில் நந்தாதேவி சிகரம் எதிரே தெரியும், கூட்டமும் குறைவு. ஆனால் ஹரித்வாரிலிருந்து ஜோஷிமட் போகவே ஒரு முழு நாள். அந்த ஜோஷிமட்டில்தான் 2023 ஜனவரியில் நிலம் இறங்கி நூற்றுக்கணக்கான வீடுகளில் விரிசல் விட்டது. ஔலிக்குப் போகும் ரோப் காரையும் அப்போது நிறுத்தினார்கள்.

குல்மர்க் சறுக்குக்குப் பேர் போன இடம். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகக் கலந்துகொண்ட ஒரே வீரர் ஆரிஃப் கான் அந்தப் பக்கத்துக்காரர். ஸ்ரீநகரில் விமானம் இறங்கினால், ரோடு திறந்திருந்தால், சுமார் இரண்டு மணி நேரம். ஆனால் காஷ்மீர் என்றதும் ஒரு குடும்பம் கையெடுத்துக் கும்பிட்டது. 2025 ஏப்ரலில் பஹல்காமில் 26 பேரைச் சுட்டுக் கொன்றதை அவர்களால் மறக்க முடியவில்லை. யாரும் வற்புறுத்தவில்லை. அதெல்லாம் ஓட்டுப்போட்டு முடிவு செய்கிற விஷயமா? பதினோரு பேர் எட்டு பேரானோம்.

எந்த மாதம் என்பது அடுத்த தகராறு. பிள்ளைகளுக்கு அரையாண்டு லீவு டிசம்பரில். பனி நம்மூர் காலண்டரைப் பார்த்தா பெய்கிறது? 2024 ஜனவரியில் பாதி மாதத்துக்கு மேல் குல்மர்க் காய்ந்த புல்வெளியாகக் கிடந்தது. 2025 பிப்ரவரியில் பனி போதாமல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டையே மார்ச்சுக்குத் தள்ளினார்கள். எனவே ஜனவரி கடைசி வாரம், ஸ்கூலுக்கு லீவு லெட்டர் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் டேங்க் அண்ணன் வாயைத் திறந்தார்.

அவரை அறிமுகப்படுத்த வேண்டும். வயது அறுபத்தேழு. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ரிடையர் ஆனவர். 1965-ல் முதல் விஜயந்தா டேங்க் வெளிவந்த அதே ஃபேக்டரி. இவர் சேர்ந்த பிறகு டி-72 காலம். 2020-ல் கிழக்கு லடாக்கில் டேங்க்குகள் நிற்பதை டிவியில் காட்டியபோது, பக்கத்தில் போய் நின்று பார்த்துவிட்டு, “நான் முடுக்கின போல்ட்டு பனியைப் பார்த்துருச்சு. நான் பார்க்கலை” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இரண்டு வருடம் முன்பு அவருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றைக்கு மாடியில் அவர் சொன்னது இதுதான்: “டாக்டரைக் கேட்டேன். ரொம்ப உசரம் வேணாம்னுட்டார். என்னால நீங்க இடத்தை மாத்தாதீங்க. நான் வரலை. போட்டோ அனுப்புங்க, போதும்.”

யாரும் பேசவில்லை. கீழே ரெட் ஹில்ஸ் ரோட்டில் பஸ் ஹாரன் மட்டும் கேட்டது.

உயரம் என்பது என்ன? கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 100 என்றால், குல்மர்க் ஊர் இருக்கும் 2,650 மீட்டரில் அது சுமார் 73. அங்கிருந்து இரண்டு கட்டமாக ஏறும் கேபிள் கார் அஃபர்வட் மலையில் ஏறக்குறைய 3,950 மீட்டருக்குக் கொண்டுபோய் விடும். அங்கே அழுத்தம் 62-தான். மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் ஆக்ஸிஜனும் அதே கணக்கில் குறையும். கடற்கரை ஊரிலிருந்து விமானத்தில் போய் இறங்கி, மறுநாளே அந்த உச்சியில் நின்றால், ஸ்டென்ட் இல்லாத இதயமே கொஞ்சம் முறைக்கும்.

மௌனத்தை உடைத்தது, உச்சிக்குத்தான் போக வேண்டும் என்று மூன்று வாரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலேஜ் பெண்.

“பெரியப்பா, முதல் நாளே என்னை மேல எவன் விடுவான்? மூணு நாள் கீழ்ச் சரிவுலதான் விழுந்து எழுந்திருக்கணும். முதல் பாடமே எப்படி விழறது, எப்படி நிக்கறதுதானாம். நான் விழறதை நீங்க பார்க்க வேணாமா?”

அவள் சொன்னதில் ஒரு பெரிய உண்மை இருந்தது. மூன்று வாரமாக நாங்கள் ஒப்பிட்டதெல்லாம் உச்சிகளை. எட்டு பேரில் ஒருவருக்கும் சறுக்கத் தெரியாது. பனியில் காலே வைக்காதவர்களுக்கு எந்த மலையானாலும் அடிவாரம்தான். குல்மர்க்கில் கற்றுக்குட்டிகளின் சரிவு ஊர் மட்டத்திலேயே இருக்கிறது. டேங்க் அண்ணனுக்கு வேண்டிய உயரமும் எங்களுக்கு வேண்டிய உயரமும் ஒன்றுதான்.

அதன்பிறகு கேள்விகளின் வரிசையே மாறிவிட்டது. எது அழகு என்பது கடைசிக்குப் போய், ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்பது முதலில் வந்தது. ஸ்ரீநகரில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. சோலாங்கும் ஏறக்குறைய இதே உயரம்தான், ஆனால் ராத்திரி பஸ்ஸை யோசித்தால் குல்மர்க் மேல். பனி கொட்டினால் டங்மர்க்குக்கு மேலே சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டிதான் போகும் என்பதால், திரும்பும் விமானத்துக்கு ஒரு நாள் முன்பே இறங்கி ஸ்ரீநகரில் தங்குவது. போனதும் ஸ்ரீநகரிலேயே ஒரு நாள் ஓய்வு. கேபிள் காரில் இரண்டாம் கட்டம் இஷ்டப்பட்டவர்களுக்கு மட்டும்.

இத்தனையும் எழுதிக்கொண்டு அவருடைய டாக்டரிடமே போனோம். டிரெட்மில் டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டு, “ஊர் வரைக்கும் போகலாம். குளிர்ல வேகமா நடக்கக் கூடாது, மாத்திரை மறக்கக் கூடாது. மேல ஏறினார்னு தெரிஞ்சா அடுத்த தடவை என்கிட்ட வரக் கூடாது” என்றார். எட்டு டிக்கெட் போட்டாகிவிட்டது.

கூட்டமாக எங்காவது கிளம்புகிறீர்களா? நோட்டீஸில் இருக்கும் உச்சியை அப்புறம் பாருங்கள். உங்களில் ‘நான் வரலை, போட்டோ அனுப்புங்க’ என்று சொல்லப்போகிறவர் யார் என்று முதலில் கண்டுபிடியுங்கள். அவர் உட்கார ஒரு சேர் போட முடிகிற இடம் எதுவோ, அங்கிருந்து பிளான் போட ஆரம்பியுங்கள்.

நேற்று லிஃப்டில் டேங்க் அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார். “ஏன் சார், பனியை மிதிச்சா நறநறன்னு சத்தம் வருமாமே, நெஜமா?”

எனக்கும் தெரியாது என்றேன்.

“அப்ப ரெண்டு பேரும் சேர்ந்தே மிதிச்சிப் பார்த்துருவோம்” என்றார்.