ஷார்டொனே: பெயர் பெரியது, விலை சிறியது

பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் மாக்கோன் நகருக்கு ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து வடக்கே, சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே வளைந்து செல்லும் சாலையில் ஒரு சின்னஞ்சிறு கிராமம். கல் வீடுகள், ஒரு பழைய தேவாலயம், சுற்றிலும் திராட்சைக் கொடிகள். ஊர்ப் பலகையில் உள்ள பெயர் மட்டும் உலகம் முழுக்கத் தெரிந்தது: ஷார்டொனே. வெள்ளை ஒயினுக்குப் புகழ்பெற்ற அந்தத் திராட்சைக்குப் பெயர் தந்தது தங்கள் ஊர்தான் என்பது இந்தப் பகுதிக்காரர்களின் பெருமை.

அந்தத் திராட்சையின் பிறப்பில் ஒரு வேடிக்கை உண்டு. 1999இல் வெளியான மரபணு ஆய்வு அதன் பெற்றோரை அடையாளம் காட்டியது. ஒன்று, பர்கண்டியின் பெருமைக்குரிய பினோ நுவார். மற்றது குவே பிளாங்: குடியானவர்கள் வளர்த்த, சீமான்கள் சீந்தாத மட்டரகத் திராட்சை.

அந்த மேல் கீழ் பேதம் இன்னும் தீரவில்லை. வடக்கே இருக்கிறது மோன்ரஷே. சுமார் 8 ஹெக்டேர் மட்டுமே உள்ள அந்த நிலத்தின் ஷார்டொனே, பாட்டில் பல நூறு யூரோவுக்குக் குறையாது. அதே பர்கண்டியில், அதே திராட்சையில் தயாராகும் மாக்கோன் ஒயின் பெரும்பாலும் 10 முதல் 20 யூரோ. இரண்டிலும் சுண்ணாம்பு மண்தான். ஆனால் மாக்கோனில் நிலம் அதிகம், அறுவடைக்கு இயந்திரம் உண்டு, பெரும்பகுதி திராட்சை கூட்டுறவு ஆலைகளுக்குப் போகிறது. புகழ் குறைவு என்பதால் விலையும் குறைவு.

இந்த மலிவு விலைப் பகுதியில்தான் ஒரு குடும்பம் கடினமான வழியைத் தேர்ந்தெடுத்தது. குரூசீல் கிராமத்தில், ஒரு காலத்தில் குளூனி மடத்துத் துறவிகள் பயிரிட்ட தோட்டம் 'வீன்யு டு மேன்'. 1950களில் அதை வாங்கிய கியோ குடும்பம் 1954லிருந்து ரசாயன உரமோ களைக்கொல்லியோ இல்லாமல் கொடி வளர்த்து வருகிறது. அப்போது இயற்கை விவசாயத்துக்கு அரசு முத்திரை கிடையாது. பிரான்ஸின் 'ஏபி' முத்திரை வந்தது 1985இல்தான். பேரன் தலைமுறை இப்போது தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறது.

வழக்கமான தோட்டம் இயற்கை முறைக்கு மாற மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதுவரை செலவு புதிய முறைக்கானது, முத்திரையோ கிடைக்காது. களையை மருந்தடித்துக் கொல்ல முடியாது; வரிசைகளுக்கு இடையே உழ வேண்டும். பூஞ்சணம் வந்தால் 1880களில் கண்டுபிடிக்கப்பட்ட போர்டோ கலவைதான் கதி. அதில் உள்ள தாமிரத்துக்கும் ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் கட்டுப்பாடு வைத்திருக்கிறது: ஏழு ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோ. மழை மிகுந்த ஆண்டில், பக்கத்துத் தோட்டக்காரர் நிம்மதியாகத் தூங்கும்போது இவர்கள் மருந்துத் தெளிப்பானுடன் நிற்பார்கள். கந்தகச் சத்திலும் சிக்கனம்: ட்ரை வகை வெள்ளை ஒயினில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை அனுமதி, இயற்கை முறை ஒயினுக்கு 150தான்.

பனிக்கு மட்டும் எந்த முறையும் ஒன்றுதான். ஷார்டொனே சீக்கிரம் துளிர்க்கும் கொடி. 2021 ஏப்ரலில் உறைபனி பிரான்ஸின் தோட்டங்களைத் தாக்கியபோது, இரவெல்லாம் வரிசைகளுக்கு நடுவே தீச்சட்டிகள் எரிந்தன. அப்படியும் பர்கண்டியில் பல இடங்களில் துளிர் கருகியது. பெரிய வியாபாரி வேறிடத்துத் திராட்சையை வாங்கிச் சமாளிக்கலாம். சொந்தக் கொடியை மட்டும் நம்பிய குடும்பத்துக்கு, அந்த ஆண்டு விற்கச் சரக்கே குறைவு.

ஆகவே இந்த மலிவு நிரந்தரமல்ல. அருகிலுள்ள புய்யி ஃபுயிஸேயில் 22 நிலங்களுக்கு 2020இல் 'பிரிமியே குரு' என்ற உயர் தகுதி கிடைத்தது. தகுதி வந்த இடத்துக்கு விலை பின்னால் வரும் என்பது பர்கண்டியின் பழைய அனுபவம்.

வாங்குபவர் பாட்டிலில் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, பச்சைப் பின்னணியில் நட்சத்திரங்களால் ஆன இலை: ஐரோப்பிய இயற்கை விவசாய முத்திரை. மற்றது, தோட்டத்திலேயே பாட்டிலில் அடைத்ததைக் குறிக்கும் வாசகம். இரண்டும் இருந்து பெயர் மட்டும் மாக்கோன் என்றிருந்தால், கொடுத்த காசுக்கு மேலேயே உழைப்பு உள்ளே இருக்கிறது.