படத்தில் விழுந்த வெயில்

‘வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் செய்து பார்’ என்றனர் நம் முன்னோர். கட்டி முடித்த பின்னரே வீட்டின் அருமையும் தொல்லையும் புலப்படும் என்ற பட்டறிவு அதில் உண்டு. இன்றோ, அடித்தளத்துக்கு மண் தோண்டுமுன்னரே, கூடம் எப்படியிருக்கும், படுக்கையறையில் ஒளி எப்படி விழும் என்பதையெல்லாம் புகைப்படம் போன்ற படத்தில் கண்டுவிடலாம். அத்தகைய உள்ளறைப் படங்களைக் கணிப்பொறியில் ஆக்கித் தருவதே 2013 முதல் எங்கள் பிழைப்பு. திருச்சியில் எங்கள் வீட்டு முன்னறை, கணவனும் மனைவியுமாக நாங்கள் இருவர், இரண்டு கணிப்பொறிகள். இவ்வளவே எங்கள் தொழிற்கூடம்.

இத்தொழிலில் இரண்டு கேள்விகள் எந்நாளும் துரத்தி வரும். படம் இன்னும் சிறப்பாக வருமா? இன்னும் விரைவாக வருமா? இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தோம். அப்படியன்று என்பதை எங்களுக்குக் கற்பித்தது ஓர் இருட்டறை.

படம் உருவாகும் முறையை முதலில் சுருங்கச் சொல்லிவிடுகிறோம். ஜன்னல் வழியே வரும் ஒளி தரையில் பட்டு, சுவரில் தெறித்து, கூரையைத் தொட்டு, இறுதியில் நம் கண்ணை அடைகிறது. இந்தப் பயணம் முழுவதையும் 1986-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் கஜியா என்ற அறிஞர் ஒரே சமன்பாட்டில் அடக்கிக் காட்டினார். அதன் வழி நின்று கணிப்பொறி, படத்தின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் பற்பல கதிர்களைப் பின்னோக்கி அனுப்பி, அவை கொணரும் ஒளியின் சராசரியைக் காண்கிறது. இதனையே ரெண்டரிங் என்பர். கதிர்கள் போதாவிடில் படமெங்கும் மணல் தூவினாற்போலப் புள்ளிகள் தங்கிவிடும். அப்புள்ளிகளைப் பாதியாகக் குறைக்க நான்கு மடங்கு கதிர்கள் வேண்டும். காற்பங்காகக் குறைக்கப் பதினாறு மடங்கு வேண்டும். திறந்த வெளியில் வானமே விளக்காதலால் கதிர்கள் எளிதில் அதனை அடையும். அறைக்குள்ளோ ஒரு சிறு ஜன்னலைத் தேடி அவை அலைய வேண்டியிருக்கிறது. உள்ளறைப் படங்களுக்கு நேரம் மிகுதியாவது இதனாலேயே.

2021-ஆம் ஆண்டு மே மாதம். அடுக்குமாடி வீடொன்றுக்கு ஆறு படங்கள் கேட்டு வெள்ளிக்கிழமை மாலை வேலை வந்தது. திங்கள் காலை விளம்பரத்துக்கு அனுப்பியாக வேண்டும். படம் ஒன்றுக்கு ஒன்பது மணி நேரம் பிடித்தது. கத்திரி வெயிலில் இயந்திரம் கொதித்தது. நள்ளிரவில் மின்சாரம் நின்றுபோக, முக்கால் பங்கு முடிந்திருந்த படம் பாழாயிற்று. அன்றிரவு நாங்கள் உறங்கவில்லை. கதிர்களைக் கூட்டுவதை விடுத்து, அறைக்குள் நாங்களே வைத்த பொருள்களை ஒவ்வொன்றாக ஆராயத் தொடங்கினோம்.

மூடிய அலமாரிக்குள் எவர் கண்ணுக்கும் படாத பாத்திரங்கள் இருந்தன, அகற்றினோம். தொலைவிலிருந்த தலையணை உறைக்குச் சுவரளவு படத்தை ஒட்டியிருந்தோம், சிறிதாக்கினோம். சுமை குறைந்ததும் காட்சி முழுவதும் கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகத்துக்குள் அடங்கியது. வேலை பன்மடங்கு விரைந்தது. சுவரின் வெண்மையை நூற்றுக்கு நூறு ஒளியைத் திருப்புவதாக அமைத்திருந்தோம். உலகில் அப்படியொரு சுண்ணாம்பும் இல்லை, பெயிண்டும் இல்லை. அதனை எண்பது விழுக்காடாகக் குறைத்ததும், கதிர்கள் வீணே தெறித்துக்கொண்டிராமல் அடங்கின. மூலைகளில் மெல்லிய நிழல் படிந்து அறைக்கு உயிர் வந்தது. ஜன்னல் கண்ணாடியில் ஒளி வளைவதைக் கணிக்கச் செய்திருந்தோம். ஒளியை நேரே விடும் எளிய கண்ணாடியாக மாற்றியதும் புள்ளிகள் பெரிதும் குறைந்தன. எஞ்சிய புள்ளிகளை நீக்க, 2019-இல் இன்டெல் நிறுவனம் இலவசமாக வெளியிட்ட மென்பொருள், நாங்கள் கையாளும் பிளெண்டரிலேயே இணைந்திருந்தது. ஆயினும் கதிர்களை மிகவும் குறைத்துவிட்டு அதனை நம்பினால், மரத்தின் வரியும் திரைச்சீலையின் நெசவும் மெழுகுபோல் வழுவழுப்பாகிவிடும். அளவறிந்து கையாண்டோம். ஒன்பது மணி நேரம் இரண்டாயிற்று. ஞாயிறு இரவுக்குள் ஆறு படங்களும் முடிந்தன.

அவற்றுள் ஒன்றே இக்கட்டுரைக்குக் காரணம். அப்படுக்கையறையின் ஜன்னல், ‘டக்ட்’ என்று வழங்கும் கிணறு போன்ற குறுகிய இடைவெளியைப் பார்த்திருந்தது. வரைபடத்தின்படி அங்கு வெயிலுக்கு வழியே இல்லை. வேலை தந்தவரோ, “கொஞ்சம் வெயில் விழட்டும், பார்ப்பவர் மனம் குளிரும்” என்றார். எதிர்ச்சுவரை அழித்துவிட்டு அங்கே ஒரு சூரியனை வைத்தோம். அறை மூலைகளில் கண்ணுக்குத் தெரியாத பல விளக்குகளையும் ஒளித்து வைத்தோம். பளபளவென்று வந்த படத்தைக் கண்டு நாங்களே மகிழ்ந்தோம். எல்லோரும் செய்வதுதானே என்று எண்ணிக்கொண்டோம்.

அடுத்த ஆண்டு ஒரு நாள், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் துணைவியாருடன் எங்கள் வாயிலில் வந்து நின்றார். படத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருந்த எங்கள் பெயரைக் கண்டு விசாரித்து வந்திருந்தார். கையில் அந்த விளம்பரத்தாள். அவர் சினக்கவில்லை. தாளை விரித்து, “தம்பி, இந்தத் தரையில் வெயில் விழுந்திருக்கிறதே, இது எந்த மாதத்து வெயில்?” என்று கேட்டார். எங்களால் மறுமொழி கூற இயலவில்லை. காலை பத்து மணிக்கும் அவ்வறையில் விளக்கேற்ற வேண்டியிருக்கிறது என்று அம்மையார் மெல்லச் சொன்னார். வாழ்நாள் சேமிப்பை இட்டு வாங்கிய வீடு. அவர்கள் நம்பியது எங்கள் படத்தை.

அன்று மாலையே அவ்வறைக்குச் சென்று பார்த்தோம். பின்னர் அந்தப் பழைய காட்சியைத் திறந்து, நாங்கள் ஒளித்து வைத்த விளக்குகளை நீக்கினோம். வடதிசை எது, திருச்சியின் இருப்பிடம் எது, நாள் எது, நேரம் எது என்பனவற்றை உள்ளபடி குறித்தோம். மற்ற ஐந்து அறைகளையும் அவ்வாறே திருத்திக் கணித்தபோது ஒரு வியப்பு காத்திருந்தது. பொய் விளக்குகள் ஒவ்வொன்றுக்கும் கதிர்களைப் பங்கிட வேண்டியிராததால், நேரம் பாதியாகக் குறைந்தது. படமும் முன்னினும் இயல்பாக இருந்தது. இத்தனை நாளும் எங்கள் நேரத்தைத் தின்றவற்றுள் எங்கள் பொய்யும் ஒன்று என உணர்ந்தோம்.

இருட்டறை மட்டும், ஒளி டக்ட் சுவர்களில் பன்முறை தெறித்து வருவதால், ஓர் இரவு முழுவதையும் எடுத்துக்கொண்டது. அந்த இரவை மனமுவந்து கொடுத்தோம். டக்ட் சுவர் அப்போது பூசிவிட்ட சிமெண்டு நிறத்திலேயே இருந்தது. விழும் ஒளியில் பெரும்பகுதியை அது விழுங்கிவிடும். அதற்கு வெள்ளை அடித்தால் என்னவாகும் என்று மற்றொரு படமும் கணித்தோம். வேறுபாடு கண்கூடாகத் தெரிந்தது. இரு படங்களையும் ஆசிரியர் குடியிருப்போர் கூட்டத்தில் காட்டினார்; சுவர் வெள்ளையாயிற்று. வெயில் இன்றும் அங்கே விழுவதில்லை. ஆனால் பகலில் விளக்கின்றிச் செய்தித்தாள் படிக்க முடிகிறது என்று அம்மையார் சொல்லியனுப்பினார்.

அதன்பின் இல்லாத வெயிலை நாங்கள் வரைவதில்லை. அதனால் ஒரு வாடிக்கையாளரை இழந்தோம். அவர் தந்துவந்த வேலைக்கு ஈடான வேலை கிடைக்கச் சில மாதங்கள் ஆயின. அதையும் மறைக்க விரும்பவில்லை.

வீடு வாங்கவிருக்கும் வாசகர்களுக்கு ஒரு சொல். அழகிய படத்தை எவரேனும் நீட்டினால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: வடக்கு எப்பக்கம்? இது எந்த மாதத்து, எந்த நேரத்து வெயில்? ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது? வடக்கு ஜன்னலில் வெயிலே வராது என்று எவரேனும் சொன்னாலும் அப்படியே நம்ப வேண்டா. திருச்சியில் ஏப்ரல் பிற்பகுதி முதல் ஆகஸ்டு பிற்பகுதி வரை நண்பகற் சூரியன் நம் தலைக்கு வடக்கேதான் நிற்கிறது. ஆசிரியர் கேட்ட அந்த ஒரு கேள்விக்கு விடை எழுதாமல், இப்போது எந்தப் படத்தையும் நாங்கள் வெளியே அனுப்புவதில்லை. படத்தின் ஓரத்தில், எங்கள் பெயருக்கு அருகில், மாதமும் மணியும் அச்சாகின்றன.